தண்டவாளத்தைப் பார்த்துப் பறந்தவர்கள்

ஆடித் தபசு நாட்களில் சங்கரன்கோவிலில், செங்கோட்டைப் பக்கமிருந்து வீசும் மேல்காற்று சைக்கிளையே ஓரம் தள்ளும். அப்படியொரு காற்றில் ஒற்றை ஆளாகச் சிறு விமானம் ஓட்டுபவரை நினைத்துக்கொள்வேன். விமானத்தின் மூக்கைக் காற்றின் பக்கம் சற்றே திருப்பி வைத்தால்தான் நேர்வழி போக முடியும். ஒரு பாகை பிசகினால் 60 கிலோமீட்டருக்கு 1 கிலோமீட்டர் விலகிவிடும். அந்த நாளில் கையில் வரைபடம், திசைகாட்டி, கடிகாரம், அவ்வளவுதான். கீழே நம் விருதுநகர்–தென்காசிப் பாதை மாதிரி ஒரு தண்டவாளம் தெரிந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

அப்படித் தனியாக இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே முதலில் பறக்கும் இந்தியருக்கு ஆகா கான் பரிசு அறிவித்தார். 1930இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து கிளம்பினார். எதிர்த்திசையில் வந்தார் 17 வயது ஆஸ்பி எஞ்சினியர். எகிப்தின் அபூகீரில் இருவரும் சந்தித்தபோது, ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்றிருந்தார். போட்டியாளர் என்று பாராமல் தன்னிடமிருந்ததைக் கொடுத்தார் டாட்டா. பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று. (பின்னாளில் அவர் விமானப்படைத் தளபதி.) அந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்தது, டாட்டா பிளக்கைக் கொடுத்த அந்தக் கணம்தான்.

1982இல், 78 வயதில், டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மீண்டும் தனியாக ஓட்டிவந்தார், 1932இல் தபால் மூட்டையோடு வந்த அதே வழியில்.