வாகன சாலை

நம்முடைய பெரிய கோயில்களில் வாகன மண்டபம் என்று ஒன்று உண்டு. ரிஷபமும் கருடனும் யாளியும் குதிரையும், வருஷத்தில் ஓரிரு நாள் வீதிக்கு எழுந்தருளப் பண்ணுவதற்காக, மற்ற நாட்களெல்லாம் அங்கே எண்ணெய்ப் பிசுக்கும் வௌவால் வாடையும் கலந்த அரையிருட்டில் காத்துக்கொண்டு நிற்கும். சிறுவயதில் அந்த மண்டபத்துக் கம்பிக் கதவில் முகத்தைப் பதித்து நின்ற எனக்கு, பழைய மோட்டார் வண்டிகளைச் சேகரிப்பவர்கள் அவற்றுக்கென்று எழுப்பும் கட்டடங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நினைவு வராமல் இருப்பதில்லை. வாகனம் என்றால் சுமந்து செல்வது என்றுதான் பொருள். ஆகையால் அதை வைக்கிற இடம் எத்தனை அலங்காரமாக இருந்தாலும், அது புறப்பட்டுப் போவதற்குச் சௌகரியமாக இல்லாவிட்டால், கட்டியவர் தம் காரியத்தின் தாத்பரியத்தை உணரவில்லை என்றே சொல்லுவேன்.

இந்த விஷயத்தில் என் மனம் முழுவதையும் கவர்ந்தது உதயபூரில் இருக்கும் மேவார் சமஸ்தானத்தின் பழைய மோட்டார்க் கொட்டகை. மகாராணாக்களின் ரோல்ஸ் ராய்ஸ், காடிலாக் முதலிய வண்டிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்து அங்கே பொதுஜனங்களின் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. 1983-இல் வெளிவந்த 'ஆக்டோபஸி' என்ற ஆங்கிலப் படத்தில் தோன்றிய ரோல்ஸ் ராய்ஸும் அவற்றில் ஒன்று. ஆனால் நான் சொல்ல வந்தது வண்டிகளின் பெருமையை அன்று, கட்டடத்தின் அமைப்பை. நடுவே முற்றம், அதைத் தழுவினாற்போல் அரைவட்டமாக வளைந்து செல்லும் கொட்டில், பழைய காலத்துப் பெட்ரோல் பம்பு ஒன்று. கொட்டில் வளைவாக இருப்பதனால் வண்டிகளின் முகமெல்லாம் முற்றத்தை நோக்கியே இருக்கின்றன; ஒன்றை வெளியே எடுக்க மற்றொன்றை நகர்த்த வேண்டியதில்லை. எந்த வண்டிக்கு எப்பொழுது உத்தரவு வந்தாலும் அது நேரே முற்றத்தில் இறங்கிப் போகலாம் என்ற ஒரே உபயோகத்தை உத்தேசித்துப் போட்ட வளைவு, தானாகவே அழகாகவும் அமைந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரானது பிரான்ஸ் தேசத்து மூலூஸ் நகரத்தில் இருக்கிறது. நூற்பாலை முதலாளிகளான ஷ்லும்ப்ஃப் சகோதரர்கள், தங்களுடைய பழைய கம்பளி ஆலை ஒன்றுக்குள் நானூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளை ஊரறியாமல் சேர்த்து வைத்தார்கள். அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவை புகாட்டி. உலகத்தில் ஆறே ஆறு எஞ்சியிருக்கும் புகாட்டி ராயல் வண்டிகளில் இரண்டு அங்கே. பதினேழாயிரம் சதுர மீட்டர் மண்டபத்தில், பாரிஸ் நகரத்து மூன்றாம் அலெக்ஸாண்டர் பாலத்து விளக்குத் தூண்களைப் போலவே செய்வித்த எண்ணூறு தூண்களை நட்டு, அவற்றின் இடையே வரிசை வரிசையாக வண்டிகளை நிறுத்தினார்கள். ஆலைத் தொழில் நொடித்துப்போய், வேலையிழந்த தொழிலாளர்கள் 1977-இல் கதவைத் திறந்து உள்ளே புகுந்தபோதுதான், தங்கள் உழைப்பின் பணம் எங்கே போயிற்று என்பதைக் கண்டார்கள். 1982-இல் அது தேசிய மியூசியமாகத் திறக்கப்பட்டது. இன்று அதைப் பார்ப்பவர்கள் பாக்கியசாலிகள்தான், சந்தேகமில்லை. ஆனால் அது முதலில் எழுந்தது பொக்கிஷ அறையாக. வண்டியைப் புதைத்து வைக்கும் எண்ணத்தில் பிறந்த கட்டடத்தில் எண்ணூறு விளக்குகள் எரிந்தாலும் என் மனம் உதயபூர் முற்றத்துக்கே திரும்புகிறது.

கட்டட சாஸ்திரத்தில் இம்மாதிரி வண்டிக் கொட்டகைகளுக்கு உள்ள விசேஷமான கஷ்டம் ஒன்றைச் சொல்லவேண்டும். பழைய மோட்டார் வண்டி ஒரே பொருளால் ஆனதன்று. அதற்குக் காரணம் உண்டு. சென்னை சிம்ப்ஸன் கம்பெனி 1840-இல் குதிரைக் கோச்சு கட்டுவதற்காக ஏற்பட்டது. பின்னால் மோட்டாருக்கும் கூடு கட்டியது. எங்குமே இப்படித்தான். கோச்சு கட்டிய கைகளே மோட்டாருக்கும் கூடு கட்டினபடியால், மேலே தகடு, உள்ளே மரச்சட்டம், ஆசனத்தில் தோலும் குதிரைமயிரும், கூரையில் துணி, காலில் ரப்பர் என்று பல ஜாதிப் பொருள்கள் அந்த ஒரு தேகத்தில் கூடியிருக்கின்றன. காற்றில் ஈரம் நூற்றுக்கு அறுபது பங்கைத் தாண்டினால் இரும்பு துருவை அழைக்கும். நாற்பதுக்குக் கீழே வற்றினால் மரம் சுருங்கும், தோல் வெடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய வழியில் காற்றை வருஷம் முழுவதும் நடத்திச் செல்வதுதான் இந்தக் கலையின் ரகசியமெல்லாம்.

திருப்போரூர்ப் பக்கத்தில், கடற்காற்று எட்டும் தூரத்தில், என் நண்பர் ஒருவர் தம்முடைய ஆறு வண்டிகளுக்காகக் கட்டிய கொட்டகையில் இந்த ரகசியத்தைக் கண்ணாரக் கண்டேன். முன்பு அவை தகரக் கூரையின்கீழ் நின்றன. தகரம் பகலில் கொதித்து இரவில் சில்லிட்டுப் போகும். குளிர்ந்து கிடக்கும் இரும்பின்மேல் விடியற்காலத்து ஈரக்காற்று படும்போது வண்டி முழுவதும் வியர்க்கும். அப்படி வியர்த்து வியர்த்து, ஆஸ்டின் ஏழின் கதவடிகள் விரலால் தொட்டாலே உதிர்ந்தன. புதிய கொட்டகைக்கு மங்களூர் ஓடு வேய்ந்து, அதன்கீழ் பலகை அடித்து, சுவரைப் பதின்மூன்றரை அங்குலத்தில் எழுப்பிச் சுண்ணாம்பு பூசினார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஆதலால் சுவரின் அடியிலேயே காற்றுவாய்கள் வைத்து, எலி நுழையாதபடி நெருக்கமான கம்பிவலை பதித்தார்கள். ஜன்னல்கள் வடக்கே மட்டும். நேர்வெயில் பட்டால் ஆசனத் தோல் வெளிறிவிடும். கதவுகள் ஆறு, வண்டிக்கு ஒன்றாக. செலவைக் கருதி மூன்று கதவு போதும் என்று பலர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. அவருடைய ரசனைக்கு அந்த ஆறு கதவுகளே சாட்சி.

எல்லாவற்றிலும் பிரதானம் தரை. ஜல்லியும் மணலும் பரப்பி, அதன்மேல் பாலிதீன் விரித்து, நாலங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டது சித்திரை மாதத்தில். நண்பருக்கு ஆனி பிறந்ததும் வண்டிகளைக் கொண்டுவந்துவிட வேண்டுமென்று ஆவல். மேஸ்திரி ஒன்றும் மறுத்துப் பேசாமல், ஒன்றரை அடிச் சதுரத்தில் கண்ணாடிபோன்ற பாலிதீன் தாள் ஒன்றை வெட்டித் தரையில் வைத்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் மத்தியானம் நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். தாளின் அடிப்புறத்தில், கடுகைவிடச் சிறிதாக, நெருக்கமாக, நீர்த்துளிகள் கோத்திருந்தன.

"தரை இன்னும் மூச்சு விடுதுங்க, ஐயா. அங்குலத்துக்கு ஒரு மாசம்னு கணக்கு. ஆவணி பொறக்கட்டும், அவசரப்படாதீங்க" என்றார் மேஸ்திரி.

ஆவணியில் அதே இடத்தில் ஒட்டிய தாள் உலர்ந்தே இருந்தது. அன்றுதான் முதல் வண்டி உள்ளே போயிற்று, பின்பக்கமாக. முகம் வாசலை நோக்கி நிற்கவேண்டும் என்பதற்காக. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும் என்று பருத்தித் துணியால் போர்த்தினார்கள். மாதம் இருமுறை ஒவ்வொரு வண்டியும் தன் கதவு வழியே வெளியேறிப் பத்து மைல் ஓடிவிட்டுத் திரும்புகிறது.

பாட்டனார் ஓட்டிய மாரிஸோ லாண்ட்மாஸ்டரோ வீட்டுக் கொல்லையில் வைத்திருப்போர் நம் நாட்டில் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஐப்பசி மழை தொடங்குமுன் அந்த வண்டி நிற்கும் தரையில் ஒரு பாலிதீன் தாளை ஓரிரவு ஒட்டி வைத்துப் பாருங்கள். அடியில் துளி கோத்திருந்தால் வண்டியை அன்றைக்கே வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.