சித்திரக் கதையைக் கூடிப் படித்தல்

மேல்நாட்டுச் சர்வகலாசாலைகளில், பாடத்திட்டத்துக்கு உள்ளும் புறம்பும், மாணவரும் ஆசிரியரும் ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்து காமிக்ஸ் என்னும் சித்திரக் கதைகளைப் படித்து விவாதிக்கும் வழக்கம் சில பத்தாண்டுகளாக வேரூன்றி வருகிறது. சித்திரக் கதைகள் சிறுவரைக் குற்றத்துக்குத் தூண்டுகின்றன என்று ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனோதத்துவ மருத்துவர் 1954-இல் நூல் எழுத, அமெரிக்க செனட் சபையின் உபகமிட்டி விசாரணை நடத்த, பதிப்பாளர்கள் அஞ்சித் தமக்குத் தாமே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்ட அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால், அதே கதைகள் இன்று கருத்தரங்க மேஜையில் மரியாதையோடு விரித்து வைக்கப்படுவது சாமானியமான மாறுதலன்று. பீனோ, டாண்டி முதலிய சிறுவர் வாரப் பத்திரிகைகளின் பிறப்பிடமான ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துச் சர்வகலாசாலை, 2011-இல் சித்திரக் கதை ஆராய்ச்சிக்கென்றே ஒரு முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. இவ்வழக்கத்தை நான் மனமார வரவேற்கிறேன்; ஆயினும், தன் உண்மையான பலம் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை விட்டு அது அடிக்கடி விலகிப் போகிறது என்பதே என் மனக்குறை.

அந்தப் பலத்தை உணர ஒரு கதையையேனும் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1955-இல் ‘இம்பாக்ட்’ என்ற மலிவுவிலைப் பத்திரிகையின் முதல் இதழில் ‘மாஸ்டர் ரேஸ்’ என்றொரு கதை வெளிவந்தது. எழுதியவர் அல் ஃபெல்ட்ஸ்டைன், வரைந்தவர் பெர்னார்ட் கிரிக்ஸ்டைன். நியூயார்க்கின் சுரங்க ரயிலில் ஏறிய ஒருவன், எதிரே வந்த மனிதனின் முகத்தைக் கண்டு திடுக்கிட்டு, நாஜிகளின் வதை முகாமை நினைந்து நடுங்குகிறான். அவனும் அங்கே வதைபட்டவன்தான் என்று நாம் எண்ணி இரங்கிக்கொண்டிருக்கையில், அம்முகாமின் அதிகாரியே அவன்தான் என்பது வெளிப்படுகிறது. ஆறு பக்கத்துக்கென எழுதப்பட்ட இந்தக் கதைக்குப் போராடி எட்டுப் பக்கம் பெற்ற கிரிக்ஸ்டைன், அவ்விடமும் போதாமல் கட்டங்களை ஒடுக்கி, நறுக்கி, ஒரு நொடியில் நிகழ்வதைப் பல கட்டங்களாகப் பகுத்து வரைந்தார். தண்டவாளத்தில் விழுபவனின் வீழ்ச்சி ஒடுங்கிய கட்டங்களில் அங்குலம் அங்குலமாக நிகழ்கிறது. ஓடும் ரயிலின் ஜன்னல்களிலோ ஒரே பிரயாணியின் உருவம் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரையப்பட்டு, அசைவற்ற காகிதத்தில் வேகத்தின் பிரமையை உண்டாக்குகிறது.

தனியே படிப்பவன் இந்த எட்டுப் பக்கங்களை ஐந்து நிமிஷத்தில் கடந்துவிடுவான். முடிவை அறியும் ஆவல் அவனைத் துரத்தும். பத்துப் பேர் கூடிய சபையிலோ ஒருவருடைய கண் வசனத்தில் நிற்க, இன்னொருவருடைய கண் கட்டங்களின் அகலத்தில் நிற்க, மூன்றாமவர் அந்த ஒரே முகம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறதென்று கேட்க, ரசனையின் வேகம் தானாகவே தணிகிறது. அபிப்பிராய பேதம் எழுந்தால் அதைத் தீர்த்துக்கொள்ள எல்லோருக்கும் பொதுவான சாட்சியம் கண்ணெதிரே விரிந்து கிடக்கிறது. விரலால் தொட்டுக் காட்ட முடியாத வாதம் அங்கே நெடுநேரம் நிலைக்காது. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையேயுள்ள வெற்றிடத்தை வாசகனின் கற்பனையே இட்டு நிரப்புகிறது என்று சித்திரக் கதை ஆசிரியர் ஸ்காட் மக்ளவுட் 1993-இல் விளக்கினார். ஒவ்வொருவரும் அதனை எப்படி எப்படி நிரப்புகிறார்கள் என்பது கூடிப் படிக்கும்போதுதான் பிரத்தியட்சமாகிறது. ‘மாஸ்டர் ரேஸ்’ கதையைப் பற்றி இன்றளவும் மதிக்கப்படும் ஆராய்ச்சி, ரசிகர்கள் தாமே நடத்திய ஒரு பத்திரிகையில் 1975-இல் மூவர் சேர்ந்து எழுதியதாகும். அவர்களில் ஒருவர், பிற்காலத்தில் ‘மவுஸ்’ வரைந்து புகழ்பெற்ற ஆர்ட் ஸ்பீகல்மன்.

குறையும் ‘மவுஸ்’ பெற்ற அந்தப் புகழோடுதான் நுழைந்தது. 1992-இல் அந்நூலுக்குப் புலிட்சர் விசேஷப் பரிசு கிடைத்தபின், சித்திரக் கதைக்குப் பண்டித சபையில் ஸ்தானம் உண்டென்று நிரூபிக்கும் கடமை தமக்கு இனி இல்லையென்று இந்தப் படிப்புக் குழுக்கள் நிம்மதி கொண்டிருக்கலாம். அவ்வாறு கொள்ளாமல், கௌரவம் நிச்சயிக்கப்பட்ட நூல்களையே மீண்டும் மீண்டும் எடுத்துக்கொண்டன. ‘மவுஸ்’, மர்ஜான் சத்ரபியின் ‘பெர்செபொலிஸ்’, ஆலிசன் பெக்டெலின் ‘ஃபன் ஹோம்’, ஜோ சாக்கோவின் ‘பாலஸ்தீன்’ என ஒரு சிறு வரிசை. நான்குமே ஆசிரியர் தம் வாழ்வையோ, குடும்பத்தையோ, நேரில் கண்டதையோ சொல்பவை. நான்கிலும் எழுதியவரும் வரைந்தவரும் ஒருவரே. நான்கும் உயர்ந்த நூல்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இலக்கியத் துறையில் பழகிய மாணவர் இவற்றை நாவலைப் போலவே படித்து, நினைவு, அகதி வாழ்வு, பாலியல்பு என்று பொருளைப் பற்றி வெகு அழகாகப் பேசி முடிக்கிறார். அவ்வளவு பேச்சிலும் ஒரு கோட்டைப் பற்றி ஒரு வாக்கியம் வருவதில்லை. ஸ்பீகல்மன் தம் பக்கங்களை அச்சில் வரும் அதே அளவில் சாதாரணப் பேனாவால் வரைந்தார். பெரிதாக வரைந்து சிறிதாக்கும்போது கோடுகள் பெறும் மெருகை வேண்டாமென்று விலக்கிவிட்டார். டயரிக் குறிப்பின் அந்தரங்கம் ‘மவுஸ்’ மாந்தரின் எலிமுகங்களுக்கு எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு விடை இங்கே இருக்கிறது. கேட்பாரில்லாமல் வினா கிடக்கிறது.

இந்த வரிசைக்கு வெளியே நிற்பதோ, உலகம் உண்மையில் படித்த சித்திரக் கதைகளில் பெரும் பகுதி. தமிழ் வாசகர்களுக்கு உதாரணம் அருகிலேயே இருக்கிறது. 1972-இல் முத்து காமிக்ஸ் வழியே நம்மை வந்தடைந்த இரும்புக்கை மாயாவி, அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் தோன்றியவன். வரைந்தவர் ஸ்பெயின் தேசத்து ஜெசூஸ் பிளாஸ்கோ. அந்நாளைய பிரிட்டிஷ் வார இதழ்கள் ஓவியரின் பெயரை அச்சிடும் வழக்கம் அற்றவையாதலால், அவருடைய கறுப்பு மசிக்கு அடிமையான எத்தனையோ சிறுவர்கள் அவர் பெயரை அறியாமலே வளர்ந்தார்கள். மின்சாரம் பாய்ந்ததும் நாயகன் மறைந்துபோய்க் கை மட்டும் தெரிகிறது. கண்ணுக்குப் புலப்படாத ஒருவனைக் கண்ணுக்கே உரிய ஒரு கலையில் கதாநாயகனாக்கும் அந்தச் சங்கடத்தை, அந்தரத்தில் மிதக்கும் ஓர் உலோகக் கையைக் கொண்டு அவர் எப்படித் தீர்த்தார் என்பதை விவாதிக்க ஒரு மாலைப்பொழுது முழுதும் போதாது. ஆசிரியர் ஒருவரின் சுயசரிதமாக அது இல்லை என்பதால் அந்த மாலை வாய்ப்பதில்லை.

பாவனையான இந்தக் கௌரவம் ஆராய்ச்சியின் அஸ்திவாரத்தையே மறக்கச் செய்கிறது. அமெரிக்க நூலகங்கள் பழைய நாளிதழ்களைக் கறுப்பு வெள்ளை நுண்படச் சுருளில் பதிந்துகொண்டு, வர்ணச் சித்திரக் கதைகள் நிறைந்த ஞாயிறு மலர்களைக் காகிதத்தோடு கழித்துக்கட்டிய காலத்தில், சர்வகலாசாலைப் பதவி எதுவுமில்லாத பில் பிளாக்பியர்ட் என்பவர் அவற்றைக் கேட்டு வாங்கித் தம் சான் பிரான்சிஸ்கோ வீட்டில் அடுக்கினார். 1998-இல் அச்சேகரம் ஒஹையோ மாநிலச் சர்வகலாசாலைக்குப் போனபோது ஆறு பெரிய லாரிகள் தேவைப்பட்டன. எடை சுமார் 75 டன். இன்றைய குழுவினர் பழைய வர்ணப் பக்கம் ஒன்றைப் பார்க்க முடிகிறதென்றால், அதில் ஒரு ரசிகருடைய பிடிவாதத்துக்குப் பங்குண்டு. ஆகையால் எந்தக் கதை எந்த இதழில் வந்தது, மறுபதிப்பில் எந்தக் கட்டம் வெட்டப்பட்டது என்பனவற்றை மனப்பாடமாக அறிந்த வாசகரைக் கூட்டத்துக்கு அழைப்பது உபசாரமாகாது. அவரில்லாத விவாதம் திரையில் ஒளிரும் நகலை அசலென்று நம்பிவிடும்.

வரைபவரும் அங்கே இருக்க வேண்டும். விஸ்கான்சின் சர்வகலாசாலையில் சித்திரக் கதை ஆசிரியை லிண்டா பாரி, வரைவதைச் சிறுவயதிலேயே கைவிட்ட மாணவரையும் விஞ்ஞானிகளையும் அழைத்து மீண்டும் வரையப் பழக்குகிறார். இம்முறையைப் படிப்புக் குழுக்கள் கைக்கொள்ள யாதொரு தடையுமில்லை. விவாதத்துக்கு முன் ஒவ்வொருவரும் கிரிக்ஸ்டைனின் ஒரு பக்கத்தைப் பென்சிலால், எவ்வளவு கோணலாகவேனும், பிரதி செய்யட்டும். அந்தப் பிரயாணியின் முகத்தை ஜன்னலுக்கு ஜன்னல் தன் கையாலேயே வரைந்து களைத்தவர், ஓவியர் ஏன் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்றுதான் முதலில் கேட்பார். கதையின் கருத்தென்ன என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.