ஆடாதவர் எழுதிய ஆட்டப் பாட்டு

ராக் அண்ட் ரோல் கேட்கும்போது யார் சொல்லைக் கவனிக்கிறார்கள்? தாளம் வந்து காலைப் பிடித்துக்கொள்ளும். பாடலாசிரியர் டாக் போமஸ் எழுதியவற்றை அப்படிக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். பாடுகிறவன் எங்கே இருந்து பாடுகிறான் என்று பாருங்கள். பெரும்பாலும் கூட்டத்துக்குச் சற்று வெளியே இருப்பான்.

காரணம் உண்டு. 1925-இல் புரூக்ளினில் பிறந்த ஜெரோம் ஃபெல்டருக்கு ஆறு வயதில் போலியோ வந்தது. ஊன்றுகோலோடு மேடையேறி புளூஸ் பாடினார். வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று வைத்துக்கொண்ட பெயர்தான் டாக் போமஸ். பிறகு பாடுவதை விட்டு எழுத வந்தார். 13 வயது இளையவரான மார்ட் ஷூமன் கூட்டாளி. சொல் பெரும்பாலும் போமஸுடையது, மெட்டு ஷூமனுடையது.

முதலில் ரே சார்ல்ஸ் 1956-இல் பாடிய 'லோன்லி அவென்யூ' கேளுங்கள். தாளம் தளர்ந்த நடையாகவே போகும், எங்கும் துள்ளாது. அடுத்து, டியானும் பெல்மான்ட்ஸும் 1959-இல் பாடிய 'எ டீனேஜர் இன் லவ்'. முப்பதைத் தாண்டியவர் பதின்வயதுப் பையனின் புலம்பலை எழுதுகிறார். ஓரிடத்திலும் அவனைக் கேலி செய்யவில்லை.

இனி 'சேவ் தி லாஸ்ட் டான்ஸ் ஃபார் மீ'. தி டிரிஃப்டர்ஸ் பாடி 1960-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு. முதல் தடவை லத்தீன் அமெரிக்கச் சாயல் கொண்ட தாளத்துக்காகக் கேட்டுவிடுங்கள். அடுத்த தடவை சொல்லுக்கு வாருங்கள். காதலியை யாரோடு வேண்டுமானாலும் ஆடச் சொல்கிறான். கடைசி ஆட்டம் மட்டும் தனக்கு வேண்டுமாம். அவன் ஏன் ஆடவில்லை என்று பாட்டு சொல்வதே இல்லை. நாம்தான் அவனைப் பெருந்தன்மைக்காரன் என்றோ பொறாமைக்காரன் என்றோ நினைத்துக்கொள்கிறோம். போமஸ் இதைத் தன் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதினார். மணமகள் வில்லி பர்க் நடிகை. கல்யாண விருந்தில் அவர் மற்றவர்களோடு ஆட, மாப்பிள்ளை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இது தெரிந்தபின், டிரிஃப்டர்ஸுக்காக இதைப் பாடிய பென் ஈ. கிங்கின் குரலைக் கவனியுங்கள். கெஞ்சல் துளியும் இல்லை. அழுது பாடியிருந்தால் பாட்டு அங்கேயே செத்திருக்கும்.

எல்விஸுக்கு எழுதியவற்றில் 'லிட்டில் சிஸ்டர்' போதும். 'விவா லாஸ் வேகஸ்' வெறும் கொண்டாட்டம்.

1960-களின் நடுவில் ஷூமன் பிரிந்து போனார். போமஸ் சக்கர நாற்காலிக்கு வந்தார். பல ஆண்டுகள் சீட்டாட்டத்தில்தான் பிழைப்பு ஓடியது. பின்னர் இசைக்கலைஞர் டாக்டர் ஜானோடு சேர்ந்து புளூஸ் பாடகர் பி.பி. கிங்குக்கு 'தேர் மஸ்ட் பி எ பெட்டர் வேர்ல்ட் சம்வேர்' எழுதினார். அதே பெயரில் 1981-இல் வந்த ஆல்பம் கிராமி விருது பெற்றது. போமஸின் மற்ற பாட்டுகளையெல்லாம் கேட்டுவிட்டு, இந்தப் பாட்டைக் கடைசியாகக் கேளுங்கள்.