களத்தைப் படிக்கும் ஆட்டம்

கடலூர் மாவட்டம் கம்மாபுரத்திலிருந்து கிழக்கே சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று போனால் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1ஆம் தேதி அங்கே மைசூர் ஆட்சியாளர் ஐதர் அலியின் படையும் தளபதி அயர்கூட்டின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மோதின. அயர்கூட்டிடம் எட்டாயிரம் பேர் சொச்சம். ஐதரிடம் அதைப் போலப் பல மடங்கு. இரண்டு வாரத்துக்கு முன்புதான் சிதம்பரம் கோயில் மதிலுக்குள் இருந்த மைசூர்க் காவல்படையிடம் அடிபட்டுத் திரும்பியிருந்தார் அயர்கூட். இப்போது கடலூருக்குப் போகும் வழியை ஐதர் மறித்து நிற்கிறார். கம்பெனிப் படையிடம் இருந்த தானியமோ சில நாளுக்குத்தான் காணும். அயர்கூட் நேரே போய் முட்டவில்லை. கடலோர மணல்மேடுகளின் மறைவில் முன்வரிசையை நகர்த்திப் பக்கவாட்டில் திரும்பினார். பின்வரிசை மேட்டைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காத்தது. அன்று ஆள்பலக் குறைவை மணல் ஈடுகட்டியது.

முறை வைத்து ஆடும் போர் வீடியோ கேம்களை நான் கொண்டாடுவதற்குக் காரணம், இப்படி நிலத்தைப் பார்க்கும் கண்ணை அவை தருகின்றன என்பதே. சுடும் ஆட்டங்களில் விரல் வேகம் ஜெயிக்கும். இங்கே நீங்கள் நகர்த்தி முடிக்கும்வரை எதிரி அசையாமல் காத்திருப்பான். யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதனால் தோற்றால் சாக்குச் சொல்லவும் இடமில்லை. அந்த நேர்மைதான் இந்தக் கலையின் உயிர்.

இதன் மூதாதை பிரஷ்யாவில் பிறந்தது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி உண்மையான நிலப்படத்தின் மேல் ஈயத்துண்டுகளை வைத்து ஆடும் போர்ப் பயிற்சி ஒன்றை ராணுவத்துக்குக் கொடுத்தார். ஒரு முறை என்பது இரண்டு நிமிடப் போர். அதற்குள் ஒரு படை எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ அவ்வளவுதான் நகர்த்தலாம். பகடையும் உண்டு, தீர்ப்புச் சொல்ல நடுவரும் உண்டு. இன்றைய ஆட்டங்களில் நடுவர் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது.

என் கணக்கில் முதலில் வருவது ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’. டேவிட் ஒயிட் 2003இல் தொடங்கியது. பின்னர் ஆர்வலர்கள் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். காசு கிடையாது, பழைய கணினியிலும் ஓடும். களம் முழுக்க அறுகோணக் கட்டங்கள். காட்டுக்குள் நிற்கும் எல்ஃப் என்னும் கானக இனத்து வில்லாளியை அடிப்பது பெரும்பாடு. அவனையே ஆற்றுக்குள் இறக்கிவிட்டால் எளிதில் விழுவான். எதிரியின் பக்கத்துக் கட்டத்தில் கால் வைத்ததும் பெரும்பாலான படைகளின் நகர்வு அங்கேயே நின்றுவிடும். ஆகவே இரண்டு வீரர்களைச் சரியான இடைவெளியில் நிறுத்தினால் ஒரு வழியையே அடைத்துவிடலாம். இதற்கு மேல் பொழுது என்று ஒன்று. விடியல் தொடங்கி நள்ளிரவு தாண்டி ஆறு முறையில் ஒரு நாள் சுற்றும். மனிதப் படைகளில் பல பகலில் 25 சதவீதம் கூடுதலாக அடிக்கும், இரவில் அதே அளவு குறையும். ஓர்க் என்னும் அரக்கர்களுக்கு இது தலைகீழ். அந்தி சாயும்போது முன்னேறுவதா, பின்வாங்கி ஊரைப் பிடித்துக்கொண்டு விடியலுக்குக் காத்திருப்பதா? இந்த ஒரு கேள்விக்காகவே வெஸ்நாத்தை எத்தனை முறையும் ஆடலாம்.

அடுத்தது 2018இல் வந்த ‘இன்டு த பிரீச்’. எட்டுக்கு எட்டுக் கட்டம், நம் கையில் மூன்று இயந்திரங்கள், சில முறைகளில் முடிந்துவிடும் போர். எதிரி அடுத்து எங்கே அடிக்கப் போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுவான். ஒளிவுமறைவே இல்லை, ஆனாலும் திணறுவோம். ஏனென்றால் கொல்வதல்ல வேலை, நகரத்தைக் காப்பது. எதிரியாக வரும் ராட்சதப் பூச்சி ஒன்றை ஒரு கட்டம் தள்ளிவிட்டால் அது ஓங்கிய அடி அதன் கூட்டாளி மேலேயே விழும். இந்த அழகு நமக்குப் புதிதல்ல. ஆடு புலி ஆட்டத்தில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆட்டால் புலியைக் கொல்லவே முடியாது; வழியை அடைக்க மட்டுமே முடியும். பதினைந்தையும் இறக்கி முடிக்கும்வரை களத்தில் இருக்கும் ஆட்டை நகர்த்தவும் கூடாது. கோயில் மண்டபங்களின் கல்தரையில் கீறப்பட்ட அந்தக் கோடுகளைக் குனிந்து பாருங்கள். பலமும் எண்ணிக்கையும் சமமில்லாத இரு தரப்புக்கு நியாயமான போட்டி அமைப்பதுதான் இந்தக் கலையிலேயே கடினமான வேலை. அதை நம்மவர்கள் ஒரு முக்கோணத்துக்குள்ளும் சில கோடுகளுக்குள்ளும் முடித்துவிட்டார்கள்.

பேர் பெற்றது என்னவோ சிட் மையரின் ‘சிவிலைசேஷன்’ வரிசைதான். 1991இல் தொடங்கி 2025இல் ஏழாம் ஆட்டம் வந்தது. அதில் சோழர்களாக ஆடலாம், தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டலாம். மகிழ்ச்சிதான். ஆனால் உலகத்தையே அடக்கும் அந்தப் பரப்பில் ஒரு மணல்மேட்டுக்கு இடமில்லை. நூற்றுக்கணக்கான முறை ஓடும் ஆட்டத்தில் ஒரு நகர்வு தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. எனக்குச் சின்னக் களமே உயர்ந்தது. அங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் விலை உண்டு.

நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட களங்கள் எத்தனை! தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையை 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1783 ஜூனில் கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரேனின் கப்பல்கள் கடலில் சண்டையிட்டன. ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்ட செய்தி அதன் பிறகே வந்து சேர்ந்தது.

வெஸ்நாத்துக்குள்ளேயே களம் வரையும் கருவி இருக்கிறது, அதுவும் இலவசம். கணினி படிக்கும் கடலூர் மாவட்டப் பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன்: பரங்கிப்பேட்டையை வரையுங்கள். வெள்ளாறு, மணல்மேடு, கடலூர்ச் சாலை மூன்றையும் அதனதன் இடத்தில் வையுங்கள். ஐதர் பக்கம் நின்றும் ஆட வழி விடுங்கள்.