காண்டெசாவின் பானெட்டுக்குள் மிச்சமிருக்கும் இடம்

காண்டெசாவின் பானெட்டைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தால் தரை தெரியும். எஞ்சினுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே முழங்கை வரை தாராளமாகப் போகும். நாலு பிளக்கையும் நின்றபடியே கழற்றலாம். ஆயில் ஃபில்டரைத் தேட வேண்டியதில்லை. சில வாரங்களாக இந்த வண்டியைப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துச் சாலைகளில் ஓட்டிவருகிறேன். சீட்டைப் பற்றியும் தோற்றத்தைப் பற்றியும் எழுதலாம்தான். ஆனால் எதை எழுத உட்கார்ந்தாலும் எண்ணம் அந்தக் காலி இடத்துக்கே திரும்புகிறது. இந்தக் காரை நான் நேசிப்பதற்கு அதுதான் காரணம். அந்த இடத்தில் பெரிய எஞ்சின் ஒன்றை இறக்கிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களோடு எனக்கு இருக்கும் சண்டைக்கும் அதுதான் காரணம்.

வண்டி என் மாமாவுடையது. பெரம்பலூர் திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், பருத்தி வியாபாரம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது வாங்கினார். நம்பர் பிளேட் இன்னும் டி.என். 45 என்றே இருக்கிறது. இசுஸுவின் 1817 சிசி பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர். மற்ற விவரங்கள் காண்டெசாக்காரர்களுக்கு மனப்பாடம். மாமாவின் மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "மச்சான், இதுல ஆறு சிலிண்டர் தாராளமா உக்காரும்" என்பான். டொயோட்டாவின் மூன்று லிட்டர் எஞ்சின் ஒன்றின் மேல் அவனுக்குக் கண். மாமா பிடி கொடுக்கவில்லை. "நீ நாலு வாரம் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு மாப்ளே, அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஆறு சிலிண்டர் உட்காரும் என்று அவன் சொல்வது சரியான பேச்சுதான். இந்த உடம்பு இங்கிலாந்தில் 1970களில் வாக்ஸால் தயாரித்தது. அங்கே இதே பானெட்டுக்குள் வென்டோரா என்ற பெயரில் 3294 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து விற்றார்கள். பெட்ஃபோர்டு சரக்கு வண்டிகளில் ஓடிய எஞ்சின் வம்சம் அது. ஆக, நான் குனிந்து பார்க்கும் அந்தக் காலி இடம் ஒரு லாரி எஞ்சினுக்காக அளந்து வைத்தது. அச்சுகளை வாங்கிவந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் உத்தரபாராவில் காண்டெசாவைக் கொண்டுவந்தபோது, உள்ளே வைத்தது அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினை. ஐம்பது குதிரைத்திறனை ஒட்டிய சக்தி. காண்டெசாவைவிடச் சிறிய அம்பாசிடருக்கே அது மட்டுமட்டாக இருந்தது. இவ்வளவு நீளமான, இவ்வளவு மிடுக்கான காருக்கு அந்த எஞ்சினைக் கொடுத்ததை இன்றைக்கும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எண்பதுகளின் இரண்டாம் பாதியில் இசுஸு வந்தது. சக்தி எண்பத்தைந்து குதிரையைத் தாண்டியது, ஐந்தாவது கியரும் கூடவே வந்தது. கிளாசிக் என்ற பட்டம் அந்த எஞ்சினோடுதான் பொருந்தியது.

காண்டெசாவை விளையாட்டுக் கார் என்று சொல்ல முடியாது. நாலு கதவு, ஐந்து பேர், பின்னால் மூட்டை ஏற்றுகிற அளவுக்கு டிக்கி. ஆனால் அம்பாசிடரும் மாருதி 800ம் பிரீமியர் பத்மினியும் மட்டுமே தெரிந்த சாலையில் இது வந்து நின்றபோது, பார்த்தவர்கள் கண்ணுக்கு இதுதான் அமெரிக்கப் படத்துக் கார். அதனால்தான் இன்றும் பெரிய எஞ்சின் மாற்றும் ஆசை வருகிறவர்கள் முதலில் தேடுவது இந்த வண்டியை. பத்மினியைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பழையபடி ஆக்கத்தான் தேடுகிறார்கள். காண்டெசாவைத் தேடுகிறவர்களோ இதுவரை அது ஆகாத ஒன்றாக ஆக்கத் தேடுகிறார்கள்.

அந்த ஆசை புதிதல்ல. 1964இல் வெளிவந்த சன்பீம் டைகர் அப்படிப் பிறந்ததுதான். ஆல்பைன் என்ற சிறிய இரட்டை இருக்கைக் காருக்குள் ஃபோர்டின் 4.2 லிட்டர் வி8 எஞ்சினைப் புகுத்தினார்கள். முன்மாதிரியைச் செய்தவர்களில் கரோல் ஷெல்பியும் ஒருவர். இடம் போதாமல், தொழிற்சாலையிலேயே பெயின்ட் அடித்த தடுப்புச் சுவரைச் சம்மட்டியால் அடித்து உள்வாங்கச் செய்தார்கள். ஒரு பிளக்கைக் கழற்ற காருக்குள் உட்கார்ந்து தடுப்புச் சுவரில் இருக்கும் ஓட்டை வழியாகக் கைவிட வேண்டும். வேகம் அபாரம். நின்று நின்று போகும் சாலையில் சூடேறும் என்ற பெயரும் அதற்கு இருந்தது. எம்.ஜி. நிறுவனம் 1967இல் தன் பி மாடலுக்குள் 2912 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சினைத் திணித்தபோது பானெட்டின் நடுவே புடைப்பு வைக்க வேண்டியிருந்தது, முன் சஸ்பென்ஷனையே மாற்ற வேண்டியிருந்தது. மூக்கு கனத்துப்போய், வளைவில் திருப்பினால் நேராகப் போகவே பார்க்கிறது என்று அன்றைய விமர்சகர்கள் குறைப்பட்டார்கள். 1973இல் அதே காருக்கு ரோவரின் 3528 சிசி வி8 வந்தது. அது அலுமினிய எஞ்சின். பழைய நாலு சிலிண்டர் இரும்பு எஞ்சினின் எடையை ஒட்டியே இருந்ததால் வண்டியின் நடை கெடவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். எத்தனை சிசி என்று கேட்பதற்கு முன் எத்தனை கிலோ, எங்கே உட்காருகிறது என்று கேட்கத் தோன்றும்.

நம் பக்கத்திலும் கதை உண்டு. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை ஹெரால்டு கார்களைச் செய்தது. அந்த ஹெரால்டின் சட்டகத்திலிருந்துதான் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வந்தது. அதற்குள் இரண்டு லிட்டர் ஆறு சிலிண்டரை வைத்து, பானெட்டைப் புடைக்கவிட்டு, 1966இல் ஜி.டி.6 என்று விற்றார்கள். அதே சென்னை ஆலை 1985இல் ஸ்டாண்டர்டு 2000ஐக் கொண்டுவந்தது. அந்த உடம்பு ரோவருடையது, வி8 எஞ்சினுக்காக வரைந்தது. உள்ளே வைத்ததோ வான்கார்டு காலத்து 1991 சிசி நாலு சிலிண்டர். மூன்றே ஆண்டில் உற்பத்தி நின்றுபோனது. பெரிய வீட்டில் சின்ன எஞ்சினைக் குடிவைத்த இரண்டு இந்தியக் கார்களில் காண்டெசா மட்டும் தப்பித்ததற்கு இசுஸு ஒரு பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி சாலைக்கு வருகிறேன். பெரம்பலூரிலிருந்து திருச்சி நோக்கி, சிறுவாச்சூர் தாண்டிப் பாடாலூர் வரை நாலு வழிச் சாலையில் போனால் இந்த எஞ்சினுக்கு என்ன தெரியும் என்று புரிந்துவிடும். ஐந்தாவது கியரில் எண்பதில் போகும்போது பேச்சுக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. முந்த வேண்டுமென்றால் மூன்றாவது கியருக்கு வந்து மிதித்தால் போதும். பறக்காது, ஆனால் தயங்காமல் இழுக்கும். நீளமான முன்பக்கம் மேடுபள்ளங்களில் நிதானமாக ஏறி இறங்குகிறது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கிடைப்பது அபூர்வம். நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு தோளும் வேலை செய்ய வேண்டும். இவை இந்த வண்டியோடு வாழ்கிறவர்கள் அறிந்து ஏற்றுக்கொண்டவை.

சோதனை அரியலூர்ச் சாலையில்தான். சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், வேகம் இருபதைத் தாண்டாது. சித்திரை வெயில், எதிர்க்காற்று இல்லை, முன்னால் போகும் லாரியின் சூடும் நம் ரேடியேட்டர் மேலேயே படுகிறது. எந்த எஞ்சினும் தன் குணத்தைக் காட்டுகிற நேரம் அதுதான். முதல் வாரத்தில் இந்த வண்டியிலும் சூட்டைக் காட்டும் ஊசி ஏறியது. முன்பு வண்டியைப் பார்த்த ஒரு பட்டறையில், "எஞ்சின் களைச்சுப் போச்சுங்க, மாத்திடுங்க" என்று மாமாவிடம் சொல்லியிருந்தார்களாம். கீழப்பழுவூர்ப் பக்கம் இருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் முன்பக்கத்தை விரலால் தடவிக் காட்டினார். வெள்ளைத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து இறுகிக் கிடந்தது.

அரியலூர் மண் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பு இன்று சாலையெல்லாம் தூளாகப் பறக்கிறது. எண்ணெய் கசிந்த இடத்தில் அது ஒட்டினால் காற்றுப் போக வழியில்லாமல் ஆகிவிடும். அண்ணன் ரேடியேட்டரை இறக்கி, எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தம் குறைவான தண்ணீரால் கழுவினார். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும் என்றார். அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பாடம். ரேடியேட்டரின் இரு பக்கமும் இருந்த சந்துகளை ரப்பர் ஷீட் வெட்டி அடைத்தார். முன்னால் நுழையும் காற்று சந்து வழியாக நழுவிப் போகாமல் ரேடியேட்டருக்குள்ளேதான் போக வேண்டும். எஞ்சின் பக்கத்துச் சூடான காற்று அதே சந்து வழியாகத் திரும்பி முன்னுக்கு வந்து மறுபடி உறிஞ்சப்படவும் கூடாது. மொத்தச் செலவு ஒரு டயர் விலைகூட இல்லை. அதற்குப் பிறகு டிப்பர்களுக்குப் பின்னால் எவ்வளவு ஊர்ந்தாலும் ஊசி நடுவைத் தாண்டவில்லை.

அங்கேதான் அந்தக் காலி இடத்தின் அருமை தெரிகிறது. காற்று உள்ளே வருவது பாதி வேலை. வெளியே போவதுதான் மீதி. ரேடியேட்டரைத் தாண்டிய சூடான காற்று எஞ்சினின் இரு பக்கமும் இறங்கி, கீழே தரைப் பக்கம் போய்விடுகிறது. தடுக்க ஒன்றுமில்லை. அதே இடத்தில் நீளமும் அகலமும் கூடிய எஞ்சினை வைத்து, அதன் சைலென்சர் குழாய்களை ஒரு பக்கம் இறக்கி, டர்போவும் மாட்டினால், சூடு இரண்டு மடங்காகும், போகும் வழி பாதியாகும். பெட்ரோல் குழாயும் வயர்களும் அந்தச் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும்.

இங்கே ஒரு மனத்தாங்கலைச் சொல்லியாக வேண்டும். எஞ்சின் மாற்றிய கார்களில் தவறாமல் காணும் ஒரு பொருள், மூடியில்லாத கூம்பு வடிவ ஏர் ஃபில்டர். பளபளப்பாக இருக்கும், நல்ல சத்தம் கொடுக்கும். அசல் ஃபில்டரின் பெட்டியும் குழாயும் வெளியிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவரத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. கூம்பு ஃபில்டரோ பானெட்டுக்குள் வெந்து கிடக்கும் காற்றைக் குடிக்கிறது. பந்தயத் திடலில் ஒரு மணி நேரம் ஓடும் காருக்கு அது சரி. சுண்ணாம்புத் தூள் பறக்கும் ஊரில், நாள்தோறும் ஓடும் காருக்கு அதை மாட்டுவது எஞ்சினுக்குச் செய்யும் கொடுமை. சிலிண்டர் சுவரில் தூள் உரசினால் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும், பிறகு மறுபடி பட்டறை. மாமாவின் வண்டியில் பழைய வட்டப் பெட்டி அப்படியே இருக்கிறது. தட்டித் தட்டிப் போடாமல் ஃபில்டரை அடிக்கடி மாற்றினால் போதும். இந்தப் பக்கத்துக்கு அதைவிட நல்ல உபகரணம் எனக்குத் தெரியவில்லை.

மச்சானின் மூன்று லிட்டர் எஞ்சின் உள்ளே உட்காரும்தான். அதோடு நிற்காதே. கியர்பாக்ஸ் பெரிதாகும், நடுத்தரையை வெட்ட வேண்டும். அந்த முறுக்கு விசையைத் தாங்கப் பின் ஹவுசிங்கும் கிரவுன் பினியனும் போதாது. அந்த வேகத்தை நிறுத்த பிரேக் போதாது. ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், டேங்க், வயரிங் எல்லாம் வரிசையாக வரும். முடிவில் காண்டெசாவின் தகடு மட்டுமே காண்டெசாவாக இருக்கும்.

சட்டமும் எதிரே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களும் உற்பத்தியாளர் குறித்த அமைப்பும் வேறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. எஞ்சின் எண் ஒத்துப்போகாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை யோசிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2021இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்து, சட்டகமும் உடலும் எஞ்சினும் பெரிய மாற்றமின்றி அசலாக இருக்கும் கார்களுக்குத்தான் விண்டேஜ் பதிவு கிடைக்கும். முதல் காண்டெசாக்கள் 2034இல் அந்த வயதைத் தொடும். இன்று ஆறு சிலிண்டர் ஏற்றும் ஒவ்வொருவரும் அந்த வரிசையிலிருந்து ஒரு காரை எடுத்துவிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அசலாக மிச்சமிருப்பவை நிறைய இல்லை.

மாமாவிடம் நான் சொன்னது இதுதான்: இசுஸு இருக்கட்டும். இதே எஞ்சின் பிற்பாடு அம்பாசிடர் 1800லும் வந்ததால் அதன் சாமான்கள் இன்னும் தேடினால் கிடைக்கின்றன. வேலை தெரிந்த கைகளும் இருக்கின்றன. எஞ்சினுக்கென்று மச்சான் சேர்த்து வைத்த பணத்தில் பிரேக் முழுவதையும் புதுப்பிக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும்படி குழாய்களையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் மாற்றலாம். முன் சஸ்பென்ஷன் புஷ்களை மாற்றினால் திருமானூர்ச் சாலையில் கேட்கும் கடகடப்பு நின்றுவிடும். கதவுகளின் அடியில் துரு ஆரம்பித்திருக்கிறது. அதை மழைக்கு முன் வெட்டியெடுத்து வெல்டிங் வைத்தாக வேண்டும். மச்சான் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. துரு வேலைக்கு மட்டும் ஆள் பார்க்கச் சொல்லிப் பணம் அனுப்பியிருக்கிறான்.