இலையும் எலியும்: தொடக்க எழுத்தறிவு குறித்த முனைவர் பட்ட ஆய்வுகளின் அளவுகோல் பற்றி ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

தொடக்கநிலைக் குழந்தைகளின் வாசிப்பை ஆராயும் கல்வியியல் ஆய்வேடுகள் தமக்குரிய சோதனைக் கருவிகளை எங்கிருந்து பெறுகின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. ஆங்கில வாசிப்பை அளக்க எழுந்த கருவி தமிழுக்குப் பெயர்க்கப்படும்போது, குழந்தையின் பேச்சுத் தமிழும் தமிழ் எழுத்தின் அமைப்பும் கணக்கில் வராமல் போகின்றன என்பதும், அதற்கான தீர்வு சிதம்பரத்து மொழியியல் மரபிலேயே உண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

குறிப்புச் சொற்கள்: தொடக்க எழுத்தறிவு, இரட்டை வழக்கு, உயிர்மெய், ஒலியன் உணர்வு, முனைவர் பட்ட ஆய்வு.

முன்னுரை

திருப்பாதிரிப்புலியூர் கல்விக்குப் புதிய ஊர் அன்று. சமணத் துறவி சர்வநந்தி கி.பி. 458இல் உலோகவிபாகம் என்னும் நூலை எழுதி முடித்த பாடலிபுரம் இவ்வூரே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஞானியார் அடிகளின் மடம் தமிழ்ப் புலமைக்கும் சொற்பொழிவுக்கும் நிலைக்களமாக விளங்கியது. தெற்கே சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. கடலூர் வட்டாரத்தில் பள்ளிப் பணியில் இருந்துகொண்டே முனைவர் பட்டம் பெற விழையும் ஓர் ஆசிரியருக்கு அப்பல்கலைக்கழகம் எட்டும் தொலைவில் உள்ளது.

இந்த நெடிய மரபு கற்றவர்களின் கல்வியைப் பற்றியது. ஐந்து வயதுக் குழந்தை முதன்முறையாக ஓர் எழுத்தை ஒலியோடு பொருத்தும்போது நிகழ்வது என்ன என்னும் வினா இம்மரபின் மையத்தில் இருந்ததில்லை. இன்று அவ்வினாவை எடுத்துக்கொள்ளும் ஆய்வாளர் அதற்கு எந்த அளவுகோலைக் கையாளுகிறார் என்பதே நம் ஆராய்ச்சிப் பொருள்.

ஆய்வேடுகளின் வார்ப்பு

தொடக்க வாசிப்பைப் பற்றிய கல்வியியல் ஆய்வேடுகளில் ஒரு பொது வார்ப்பு பெரிதும் காணப்படுகிறது. ஏதேனும் ஒரு கற்பித்தல் உத்தி தெரிவு செய்யப்படும். குழந்தைகள் கட்டுப்பாட்டுக் குழு, சோதனைக் குழு என இரண்டாகப் பிரிக்கப்படுவர். முன்தேர்வும் பின்தேர்வும் நடைபெறும். இரண்டின் சராசரி வேறுபாடு புள்ளியியல் முறைப்படி பொருண்மையுடையது எனக் காட்டப்பட்டதும் உத்தி பயன் தந்தது என முடிவு கூறப்படும்.

இவ்வார்ப்பில் குறை காண்பது நம் நோக்கமன்று. அதன் உள்ளே இருக்கும் தேர்வுத்தாளே நம் கவலை. ஆங்கிலத்தில் உருவான ஒலியன் உணர்வுச் சோதனைகள் அத்தாளில் தமிழுக்குப் பெயர்க்கப்பட்டு இடம்பெறுவதுண்டு. பின்னர் அத்தாள் வல்லுநர் சிலரின் ஒப்புதலைப் பெறுகிறது. அவ்வல்லுநர் அனைவரும் பல ஆண்டுகளாக எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். எழுத்துக்கூட்டலின் வழியாகவே ஒரு சொல்லைக் கேட்டுப் பழகியவர்கள். எழுத்தறியாத குழந்தையின் காதுக்கு அச்சொல் எவ்வாறு கேட்கிறது என்பதற்கு அவர்கள் சான்றாக முடியாது.

குழந்தையின் காதில் இலை

அரிச்சுவடிகளில் இகரத்திற்கு இலையும் உகரத்திற்கு உரலும் படமாக வருவது நெடுநாள் வழக்கம். பேச்சுத் தமிழிலோ இலை என்பது ‘எல’ என்றும், உரல் என்பது ‘ஒரல்’ என்றும் ஒலிக்கும். அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போது முதல் அசையின் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் தாழ்கின்றன. இடம் ‘எடம்’ ஆவதும் உடம்பு ‘ஒடம்பு’ ஆவதும் இவ்விதியால்தான். இது பிழைபட்ட உச்சரிப்பு அன்று, ஒழுங்கான ஒலிமாற்றம்.

இப்போது ஒரு தேர்வு வினாவைக் கருதுவோம். இலை, எலி, இஞ்சி ஆகிய மூன்று படங்களைக் காட்டி, ஒரே ஒலியில் தொடங்கும் இரண்டைத் தெரிவு செய்யச் சொல்கிறார் ஆய்வாளர். வீட்டில் ‘எல’ என்று கேட்டு வளர்ந்த குழந்தை இலையையும் எலியையும் சேர்க்கிறது. அதன் காது கூர்மையாகவே உள்ளது. ஆயினும் விடைக்குறிப்பு அதற்குச் சுழி வழங்குகிறது. வீட்டில் புத்தகமும் எழுத்து வழக்கும் புழங்கும் குழந்தை இலையையும் இஞ்சியையும் சேர்த்து மதிப்பெண் பெறுகிறது. ஒலியுணர்வை அளப்பதாகக் கூறும் வினா உண்மையில் குடும்பத்தின் படிப்பை அளந்துவிடுகிறது.

சொல்லின் இறுதியிலும் இதே சிக்கல் உண்டு. மரம், அவன் போன்ற சொற்களின் ஈற்று மெய் பேச்சில் மறைந்து, முன்னுள்ள உயிர் மூக்கொலி பெறுகிறது. ‘மரம் என்பதன் கடைசி ஒலி யாது?’ என்னும் வினாவுக்கு மகரம் என விடை கூற, எழுத்தை முன்பே அறிந்திருத்தல் வேண்டும். எழுத்தறிவுக்கு முந்தைய திறனாகக் கருதப்படுவது இங்கே எழுத்தறிவின் விளைவாக மாறிவிடுகிறது.

எழுத்தின் அமைப்பு

வாசிப்பு ஆராய்ச்சி ஆங்கிலத்தை மையமாகக் கொண்டு நடப்பதை டேவிட் ஷேர் 2008இல் வெளியிட்ட கட்டுரை கண்டித்தது. ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டல் ஒழுங்கற்றது. அதிலிருந்து பெற்ற முடிவுகளை உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாக்குதல் தகாது என்பது அவர் வாதம். கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சொனாலி நாக், 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயிர்மெய் எழுத்துகளைக் கற்றல் தொடக்க வகுப்புகளைத் தாண்டியும் நீள்வதையும் ஒலியன் உணர்வு மெல்லவே உருவாவதையும் காட்டினார்.

தமிழுக்கும் அத்தகைய தனி ஆய்வு தேவை. கெ, கே, கை என்பவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன் எழுதப்பட்டுப் பின் ஒலிக்கிறது. கொ, கோ என்பவற்றில் குறி இருபுறமும் நிற்கிறது. கு, சு, டு, மு என உகர வரிசை ஒரே குறியால் அமைவதில்லை. 1978இல் தமிழ்நாட்டரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை முதலியவற்றை ஒழுங்குபடுத்தியது. உகர, ஊகார வரிசைகளைத் தொடவில்லை. மேலும், கடல், அகம், தங்கம் ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. இவற்றுள் எது குழந்தையை எந்த வயதில் தடுக்கிறது என்பதை ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த கருவி கேட்கவே கேட்காது.

சிதம்பரத்தில் உள்ள தீர்வு

இதற்கான அறிவு தொலைவில் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறை 1960களில் உயராய்வு மையமாக வளர்ந்தது. மு. சண்முகம் பிள்ளை பேச்சுத் தமிழைப் பாடநூல்களாகவே வகுத்தார். பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு அங்கே விரிவாக விளக்கப்பட்டது. அவ்விளக்கங்கள் பெரும்பாலும் தமிழ் கற்கும் பிறமொழியாளருக்குப் பயன்பட்டன. எழுத்து வழக்கை முதன்முதலாகச் சந்திக்கும் தமிழ்க் குழந்தைக்கும் அவை அதே அளவு பயன்படும். ஒரே வளாகத்தில் உள்ள கல்வியியலும் மொழியியலும் ஓர் ஆய்வேட்டில் சந்தித்தால் போதும்.

காலமும் இடந்தருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் முனைவர் பட்டத்திற்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளையும் மிகுதியாக ஆறு ஆண்டுகளையும் வகுத்துள்ளன. அதே 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளை எடுத்துக்கொண்டது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்துகிறது. ஓர் ஆய்வாளர் திருப்பாதிரிப்புலியூரின் ஒரு வகுப்பில் சேரும் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்து, அவர்களின் பேச்சையும் முதல் எழுத்துப் பிழைகளையும் நாள்தோறும் பதிவு செய்யலாம். ஆறு வாரச் சோதனை தராத சான்றை இப்பதிவு தரும்.

எதிர்வாதம்

குழந்தை இறுதியில் கற்கவேண்டியது எழுத்துத் தமிழே. எனவே அதில் சோதிப்பதில் தவறென்ன என்று கேட்கலாம். எழுத்து வழக்கைக் கற்பித்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. கற்பித்தபின் அதைச் சோதிப்பதும் முறையே. கற்பிக்கும் முன்பே அதைச் சோதித்து, விளைவைக் குழந்தையின் திறன்குறைவு எனப் பெயரிடுவதுதான் முறையன்று. சிறு குழுவை ஆராய்ந்தால் முடிவைப் பொதுமைப்படுத்த இயலாது என்பதும் உண்மையே. ஆனால் பிழையான கருவியைக் கொண்டு முந்நூறு குழந்தைகளை அளந்தால் பிழைதான் பொதுமையாகும்.

முடிவுரை

தொடக்க எழுத்தறிவில் முனைவர் பட்டம் மேற்கொள்வோர் தம் முதல் இயலில் உத்தியைத் தேடும் முன் கருவியைத் தேடவேண்டும். வினாவில் இடம்பெறும் ஒவ்வொரு சொல்லையும் அவ்வட்டாரக் குழந்தைகளின் வாயில் கேட்டுச் சரிபார்த்தல் அக்கருவியின் தகுதிக்கு முதல் நிபந்தனை. இகரத்திற்கு இலைக்கு மாறாக இஞ்சியும், உகரத்திற்கு உரலுக்கு மாறாக உப்பும் வைத்தால் பேச்சும் எழுத்தும் ஒத்துப்போகும். இத்தகைய சிறு திருத்தங்களின் பட்டியல் ஒன்றை ஓர் ஆய்வேடு முறையாகத் தொகுத்துத் தந்தாலும், அது முதல் வகுப்பு ஆசிரியரின் மேசைவரை சென்று பயன்படும். அரும்பு நிலையில் நிறுத்தப்பட்ட குழந்தை உண்மையில் தடுமாறியது ஒலியிலா, நம் விடைக்குறிப்பிலா என்பதை அறிந்துகொள்ளவும் அப்போதுதான் வழி பிறக்கும்.