தொழில் ஈர்ப்புக் கொள்கை: சென்னையின் பட்டறிவும் காரைக்காலும்

தொழில் நிறுவனங்களை ஓர் ஊருக்கு வரவழைப்பது வேறு. வந்தவை அங்கே நிலைத்து வளர்வது வேறு. நம் அரசுகளின் தொழில் கொள்கைகள் முதலாவதையே பெரிதும் பேசுகின்றன. முதலீட்டாளர் மாநாடு முடிந்ததும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கையும் கோடிக் கணக்கும் செய்தியாகின்றன. பத்து ஆண்டு கழித்து அவற்றுள் எத்தனை ஆலைகள் நிற்கின்றன என்று கேட்போர் குறைவு. சென்னையின் பட்டறிவைக் கொண்டு இக்குறையை ஆராய்ந்து, காரைக்கால் மாவட்டத்துக்கு அது சொல்லும் பாடத்தை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

சென்னையைச் சுற்றி மூன்று ஆலைகள்

திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் 2006இல் கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. சிறப்புப் பொருளாதார மண்டலம், சலுகை விலையில் நிலம், வரித் தொகையைத் திருப்பித் தருதல் எனப் பல உதவிகள் அதற்குக் கிடைத்தன. கிராமத்து இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சேர்ந்தனர். பின்னர் வருமான வரி வழக்கு எழுந்தது. நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. அருகிலிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அவ்வாண்டு இறுதியில் உற்பத்தியை நிறுத்தியது.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் இன்றும் இயங்குகிறது. அதற்கும் சலுகைகள் கிடைத்தன. எனவே இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சலுகையில் தேட முடியாது. அது வருமுன்பே சென்னையில் வண்டித் தொழில் வேரூன்றியிருந்தது. 1958இல் அமைந்த கிண்டித் தொழிற்பேட்டை, 1960களில் வந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, பாடியின் உதிரிபாக ஆலைகள் ஆகியவை பயிற்சி பெற்ற கைகளையும் சிறு பட்டறைகளையும் உருவாக்கி வைத்திருந்தன.

மறைமலை நகரில் இருந்த ஃபோர்டு 2022இல் உற்பத்தியை நிறுத்தியது இங்கே எழக்கூடிய மறுப்பு. ஆனால் அந்த ஒரு நிறுவனம் விலகியதால் சென்னையின் வண்டித் தொழில் சாய்ந்துவிடவில்லை. 2024இல் அதே ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்த ஃபோர்டே விருப்பம் தெரிவித்தது. வேலை இழந்தோரின் துன்பம் உண்மையானது. ஆயினும் தொழிலின் வேர் ஒரு நிறுவனத்தில் இல்லாமல் ஊரில் இருந்தால், ஊர் தாங்கிக்கொள்ளும் என்பதை இது காட்டுகிறது.

புதுச்சேரியின் வரிச் சலுகைக் காலம்

1990களில் புதிய ஆலைகளுக்கு வருமான வரி விலக்கு வழங்கப்பட்ட பின்தங்கிய பகுதிகளின் பட்டியலில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியும் இருந்தது. குறைந்த விற்பனை வரியும் சேர்ந்துகொள்ள, நிறுவனங்கள் வந்தன. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. இதில் மாநிலப் பங்கு பொருளைச் செய்யும் இடத்துக்கு அன்றி, அது நுகரப்படும் மாநிலத்துக்குப் போகிறது. ஆகவே விற்பனை வரியைக் குறைத்து ஆலைகளை அழைக்கும் வழி ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. வரியை மட்டும் நம்பிய கொள்கையின் பலவீனம் இதுதான்: அதன் அடித்தளம் வேறொருவர் கையில் இருக்கிறது.

காரைக்கால் எதை நம்பலாம்?

காரைக்காலில் போலகம் தொழில் வளர்ச்சி மையம் உண்டு. வாஞ்சூரில் 2009இல் தொடங்கிய தனியார் துறைமுகம் கடன் சுமையால் திவால் நடைமுறைக்கு உள்ளாகி 2023இல் கைமாறியது. கப்பலில் வரும் நிலக்கரி ரயிலேறி வெளியூர் போவதால் மட்டும் உள்ளூரில் தொழில் பெருகிவிடாது.

இதற்கு மாறாக, காவிரிப் படுகை எரிவாயுவைக் கொண்டு திருமலைராயன்பட்டினத்தில் இயங்கும் 32.5 மெகாவாட் மின்நிலையம் இம்மண்ணில் கிடைப்பதை நம்பி அமைந்தது. நெல்லும் மீனும் அவ்வாறே இம்மண்ணுக்கு உரியவை. நெடுங்காட்டை அடுத்த செருமாவிலங்கையில் 1987 முதல் வேளாண்மைக் கல்லூரி இயங்குகிறது. திருவேட்டக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகம் உள்ளது. அறுவடைக்குப் பிந்தைய பதப்படுத்தல், விதை உற்பத்தி, மீன் குளிர்பதனம் போன்ற தொழில்களுக்கு வேண்டிய மூலப்பொருளும் படிப்பும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கின்றன. அப்படியிருந்தும், படித்து முடித்த பிள்ளைகள் சென்னைக்குப் பேருந்து ஏறுவதே வழக்கமாக இருக்கிறது.

சலுகை இல்லாமல் சிறிய ஊருக்கு யார் வருவார் என்ற கேள்வி நியாயமானது. சலுகையே கூடாது என்பது இங்கு வாதம் அன்று. உள்ளூரில் கொள்முதல், உள்ளூர் இளைஞருக்குப் பயிற்சி, குறிப்பிட்ட ஆண்டுகள் தங்கியிருத்தல் ஆகிய நிபந்தனைகளோடு அது தரப்பட வேண்டும். இடையில் விலகினால் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும். ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கையெழுத்திடும் முன் அரசு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சலுகை நாளை நின்றுவிட்டால், இந்நிறுவனம் இவ்வூரில் இருக்க வேறு என்ன காரணம் இருக்கிறது?